கொகுசெகியும் ஒரு துபாசியின் வயிற்றெரிச்சலும்

இரண்டு பேர் பேசிக்கொள்ள நடுவில் நின்று, இரண்டு பேரிடமும் பேச்சு வாங்குவதற்குப் பெயர்தான் துபாசி வேலை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே ஒருதரமாவது மாட்டியிருந்தீர்கள் என்றால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். அதையும் தாங்கிக்கொள்ளலாம். ஊரில் இன்னொரு துபாசி வந்து சேர்ந்தான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது.

நான் பினாங்கில் பிறந்தவன். ஜப்பான்காரர்கள் அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பாஷையைத்தான் படித்தேன். சண்டை ஓய்ந்ததும் அப்பா எங்களைக் கப்பலேற்றி ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார். பிற்பாடு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுவில் எங்கள் முதலாளி நாயாய் அலைந்து லைசென்ஸ் வாங்கி, ஜப்பானிலிருந்து ஒரு நிட்டிங் மிஷினை இறக்கினார். அதைப் பூட்டிக் கொடுக்க ஓனோ என்று ஒரு ஃபிட்டர் வந்தார். ஊரில் ஜப்பான் பாஷை தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். ஸ்டோர் சாமியப்பன் ஒரே நாளில் சப்பான் சாமியப்பன் ஆகிவிட்டேன். அடுத்த மிஷினை ஓசாகாவுக்கே போய் நேரில் பார்த்து வாங்குவது, கூட நான்தான் வருவது என்று முதலாளி எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அன்று ராத்திரியே என் சம்சாரம் அவள் அண்ணனிடமிருந்து ஒரு சூட்கேஸ் இரவல் வாங்கி வைத்துவிட்டாள்.

நிமிர்ந்து நில்

எனக்குப் பினாங்கில் பாடம் எடுத்தவர்கள் வாத்தியார்கள் இல்லை, பட்டாளத்துக்காரர்கள். காலையில் எழுந்து நில் என்பார்கள், குனி என்பார்கள், வாயை மூடு என்பார்கள். அதைத்தான் நானும் கற்றுக்கொண்டேன். ஓனோ ரயிலை விட்டு இறங்கியதும் மாலையைப் போட்டு, "வாங்க, உட்காருங்க, காப்பி சாப்பிடுங்க" என்று முதலாளி சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னேன். மனுஷன் விறைத்துப் போய் நின்றார். அப்புறம் சட்டென்று உட்கார்ந்தார். கொதிக்கக் கொதிக்க இருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் நாய்க்குட்டியைத் துரத்தினாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் துரத்துவார்கள். ஜப்பானிலும் அதே மாதிரி மரியாதைப் பேச்சு ஒன்று இருக்கிறது என்று பினாங்கில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வாரம் கழித்து ஓனோ ரொம்பத் தயங்கி என்னிடம் கேட்டதை நம் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசறப்பெல்லாம் எனக்கு எங்க பழைய ஹவில்தார் ஞாபகம் வருதுங்க. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

ஸ்டேஷனில் கிடைத்த வார்த்தை

வெளிநாட்டுக்காரர் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துவிட வேண்டும். ஏட்டையா பேர் கேட்டார், ஊர் கேட்டார், சொல்லிவிட்டேன். அடுத்து நேஷனாலிட்டி என்றார். அதற்கு ஜப்பான் பாஷையில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. பத்து வயசுப் பையனுக்கு அதையெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்? நான் திணறுவதைப் பார்த்து ஓனோவே தன் பாஸ்போர்ட்டைத் தொட்டுக் காட்டி, "கொகுசெகி" என்றார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். அவர்கள் நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சர்க்காரில் ஒரு பதிவு உண்டு, அதற்குக் கொசெகி என்று பேர். பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அப்பன் வீட்டுப் பதிவில் பேரை அடித்துவிட்டுப் புருஷன் வீட்டுப் பதிவில் எழுதிவிடுவார்கள். ஒரு ஆள் ஒரு பதிவில்தான் இருக்கலாம். நாட்டுக்கும் அதே கணக்கு, அதுதான் கொகுசெகி.

ஏட்டையாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. வேறு எந்த நாட்டிலாவது இவர் பிரஜையா என்று கேட்கச் சொன்னார். நான் கையால் ஒன்று, இரண்டு என்று காட்டிக் கேட்டேன். "நிஜூ கொகுசெகி?" என்று ஓனோ பதறிவிட்டார். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு அதுதான் வார்த்தையாம். உனக்கு ரெண்டு பொண்டாட்டியா என்று கேட்ட மாதிரி இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி மறுத்தார். ஏட்டையா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு இல்லாட்டிப் போச்சாதுங்க, ஒண்ணு இருக்குதில்ல. ஒண்ணுமே இல்லாதவன் வந்தாத்தான் எங்களுக்குத் தலவலி."

எந்தக் கூட்டமுங்க?

எங்கள் பக்கம் புதுசாய் ஒருத்தரைப் பார்த்தால் முதலில் கேட்பது எந்தக் கூட்டம், எந்தக் கோயில் என்றுதான். கூட்டம் என்றால் ஒரே வம்சத்துப் பங்காளிகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் குலசாமி இருக்கிற காணிக் கோயில் ஒன்று இருக்கும், பிழைப்பு எங்கே இருந்தாலும் கோயில் வரியை அங்கேதான் கட்டுவார்கள். எங்கள் முதலாளிக்குப் பிழைப்பு திருப்பூரில், காணிக் கோயில் கொமரலிங்கத்துப் பக்கம் ஆற்றோரம். ஓனோவிடமும் அவர் அதைக் கேட்காமல் விடவில்லை. ஓனோ குடியிருப்பது ஓசாகாவில். ஆனால் அவர் குடும்பப் பதிவு எங்கோ மலையடியில் இருக்கும் பாட்டன் ஊரிலேயே கிடக்கிறதாம், அந்த ஊருக்கு ஹோன்செகி என்று பேராம். இதைக் கேட்டதும் முதலாளிக்குத் தாளவில்லை. இவரும் நம்மைப் போலத்தான் என்று பொங்கலுக்கு ஓனோவைக் காணிக் கோயிலுக்கே கூட்டிப் போய்விட்டார். அங்கே பூசாரியிடம், விருந்துக்கு வந்த நம்ம ஒறம்பரைக்கும் ஒரு வரி வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

கோயில் வரிக்கு நான் எங்கே போய் ஜப்பான் வார்த்தை தேடுவது? கையில் இருந்த புது வார்த்தையைப் போட்டு, "இங்கே பணம் கொடு, எங்கள் கொகுசெகியில் உன் பேரைச் சேர்" என்று சொல்லிவிட்டேன், அதுவும் ஹவில்தார் குரலில். ஓனோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்தியப் பிரஜை ஆகிவிட்டால் ஜப்பானில் பேரை அடித்துவிடுவார்கள், பெண்டாட்டி பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துப் பின்வாங்கி நடக்க ஆரம்பித்தார். திருநீற்றைக்கூட வாங்க மாட்டேன் என்கிறார். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்க்கிறது.

அப்போது கூட்டத்திலிருந்து நெட்டையாய் ஒருத்தர் முன்னால் வந்தார். ஓனோவுக்கு எதிரே குனிந்து வணங்கி, பாகு மாதிரி ஒரு ஜப்பான் பாஷையில் பேசினார். இது சர்க்கார் இல்லை, சாமி, இங்கே பேர் சேர்த்தால் எந்த நாட்டிலும் பேரை அடிக்க மாட்டார்கள் என்றார். ஓனோ அப்படியே தணிந்து திருநீற்றுக்குக் கையை நீட்டினார். வந்தவர் பேர் நாச்சிமுத்து. பர்மாவிலிருந்து அகதியாய் வந்தவர், ரங்கூனில் ஜப்பான்காரர் மரக்கிடங்கில் கணக்கு எழுதியவர். அவருடைய பாட்டன் இந்தக் கோயிலில் வரி கட்டிக்கொண்டிருந்தவராம். தானும் கட்ட வந்து, யாருக்கும் அடையாளம் தெரியாததால் விடியற்காலையிலிருந்து ஓரமாக நின்றுகொண்டிருந்திருக்கிறார். முதலாளி பாட்டன் பேரை விசாரித்தார். அப்புறம் எனக்கு இன்றைக்கும் காதில் ஒலிக்கிற மாதிரிச் சொன்னார்: "பூசாரி, இவருகிட்ட வரி வாங்குங்க. இவரு என்ற பங்காளி."

ஓனோவின் சாப்பாடு

நாச்சிமுத்து எங்கள் கம்பெனிக்கே கணக்கெழுத வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வெளியே நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். உள்ளே எரிந்த எரிச்சலில் ஒரு பானைச் சோறு பொங்கியிருக்கலாம். ஓனோவுக்கு எங்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாழைப்பழத்தில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். என் சம்சாரம் ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கி ஊற்றிச் செய்த நெய்ச்சோற்றைக்கூட இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. நாச்சிமுத்துவின் மனைவி பர்மாப் பக்குவத்தில் அத்தோ என்று ஒரு சேமியா பிசைந்து அனுப்பினாள். மனுஷன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் என்னிடம் மிஷின் பேச்சு மட்டும், மத்தியானச் சாப்பாட்டில் நாச்சிமுத்துவிடம் வீட்டுப் பேச்சு.

ஒருநாள் நூல் மூட்டைக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது தெரியாமல் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓனோவின் தம்பி பிரேசில் போய் அங்கேயே நிலம் வாங்கிவிட்டானாம். அங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த நாடு தானாகக் கிடைத்துவிடும். பிறந்த சூட்டோடு எழுதிக் கொடுத்து ஜப்பானையும் பிடித்து வைத்துக்கொண்டானாம். இவ்வளவு நாள் என்னோடு இருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை இதைப் பற்றிச் சொன்னதில்லை. எனக்கு அவர் தம்பி மேலா, நாச்சிமுத்து மேலா, யார் மேல் ஆத்திரப்படுவது என்றே தெரியவில்லை. ஓனோ சொன்னது இதுதான்: "ஒரே வயித்துல பொறந்தோம். அவன் பையனுக்கு ரெண்டு நாடு, என்ற பையனுக்கு ஒண்ணு. நெனச்சாத் தூக்கம் வரமாட்டீங்குது."

சூட்கேஸ் திரும்பிப் போனது

மிஷின் ஓட ஆரம்பித்தது, ஓனோ ஊருக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து முதலாளி ஓசாகாப் பேச்சை எடுத்தார். நான் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் என்னை உள்ளே கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. வியாபாரம் பேசப் போகிற இடத்தில் மரியாதையாகப் பேசுகிற ஆள் வேண்டும், அதனால் பங்காளியைக் கூட்டிப் போகிறேன் என்றார். நானும் இப்போதெல்லாம் மரியாதையாகத்தான் பேசுகிறேன், நாச்சிமுத்து பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தேறிவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அதை எப்படிச் சொல்லுவது? சரீங்க என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அவர் நடப்பது, சிரிப்பது, காதில் பென்சிலைச் செருகுவது எல்லாவற்றையும் எடுத்துக் குற்றம் சொன்னேன். பினாங்கில் பிறந்த நானும் அந்நிய மண்ணில் பிறந்தவன்தான், அவருக்கு மட்டும் என்ன கொம்பா என்று கத்தினேன். என் சம்சாரம் சூட்கேஸில் போட்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடியில் போட்டாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்: "ஏனுங்க, அந்தண்ணன் நல்ல மனுஷருங்க. அவரு மேல குத்தமே இல்லீன்னுதான உங்களுக்கு இத்தன கோவம் வருது?"

ஏட்டையாவின் தலைவலி

நாச்சிமுத்துவுக்குப் பாஸ்போர்ட் கேட்டு முதலாளியும் அவரும் மெட்ராஸ் போனார்கள். அங்கேதான் முடிச்சு விழுந்தது. ரங்கூனில் வைத்திருந்த சின்னக் கடையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பர்மாப் பிரஜை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையையும் எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது பிரஜாவுரிமையையும் பிடுங்கிக்கொண்டுதான் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். இங்கே வந்து இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்ட மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்டிலும் பேர் இல்லை, இந்த நாட்டிலும் பேர் இல்லை. எங்கள் அப்பா கொஞ்சம் முன்னாலேயே கப்பலேறினார், அவர் கொஞ்சம் பின்னால் ஏறினார். வித்தியாசம் அவ்வளவுதான். கம்பெனிக்குத் திரும்பி வந்ததும் முதலாளி நாச்சிமுத்துவின் தோளில் கையைப் போட்டு, "பங்காளி, கோயில்ல உங்க வரிய வாங்கிட்டோம், சர்க்கார்ல வாங்க மாட்டீங்கறாங்களே" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். சூட்கேஸ் மறுபடியும் என் வீட்டுக்கு வந்தது.

அந்தச் சமயம் பார்த்து மிஷினைச் சோதிக்க ஓனோ மறுபடி வந்தார். வந்ததும் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது ஓசாகா வருகிறீர்கள் என்றார். முதலாளி என்னிடம், இவருக்கு எடுத்துச் சொல்லப்பா என்றார். நாடே இல்லாத ஆளுக்கு ஜப்பான் பாஷையில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும், முகொகுசெகி என்று ஓனோ வாயாலேயே எப்போதோ கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் எதிரே நிற்கிறாரே, அவருக்கும் அந்தப் பாஷை தெரியுமே, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வேன்? நாச்சிமுத்துவே குனிந்து வணங்கி, தன் தோட்டத்து மாங்காய் இந்த வருஷம் காய்க்கவில்லை என்பதுபோல அவ்வளவு பதமாகச் சொன்னார். ஓனோ அவரைவிடத் தாழக் குனிந்தார். எனக்கு அந்த நிமிஷத்திலும் வயிறு எரிந்தது, நான் சொல்லியிருந்தால் ஹவில்தார் மாதிரித்தான் வந்திருக்கும். நாச்சிமுத்து சொன்னதன் தமிழ் இது: "நான் முகொகுசெகிங்க. உங்க ஊருக்கு வர எனக்கு ஆசைதானுங்க, அனுப்பி வெக்கறதுக்குத்தான் ஒரு நாடு இல்லீங்க."

ஓசாகா

போனேன். ஊர் பெரிய ஊர்தான். மிஷின் கம்பெனியில் முதலாளி பேச்சை நான் எடுத்துக் கொடுக்க, அங்கிருந்த மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற இந்தியரைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு ஓனோவிடம் ஏதோ விசாரித்தார். ஓனோவும் தலையாட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அப்புறம் மேனேஜர், பேருக்குப் பின்னால் அவர்கள் மரியாதைக்குப் போடும் 'சான்' போட்டு என்னிடம் கேட்டார்: "நீங்க நாச்சிமுத்து சானுக்குத் தம்பிங்களா? அவருகிட்டத்தான் கத்துக்கிட்டீங்களாமே?"

பொழுது சாய ஓனோ தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். குளித்துவிட்டு வந்தவனுக்கு அவர் மனைவி ஒரு பருத்தி அங்கியைக் கொடுத்தாள். போட்டால் கை இரண்டும் உள்ளே போய்விட்டது, கீழே ஒரு முழம் தரையைக் கூட்டுகிறது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். விருந்தாளி வருகிறார் என்று போன வருஷமே அவள் கையால் தைத்து வைத்ததாம், ஓனோ சொன்ன அளவுக்கு. எந்த விருந்தாளி என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "நாச்சிமுத்து சான் ரொம்ப ஒசரமுன்னு சொன்னாருங்க. போறப்ப இத அவருகிட்டக் குடுத்துருவீங்களா?"

சுமந்து வந்த துணி

ரயிலை விட்டு இறங்கிய கையோடு அந்தத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், வைத்திருந்தால் இன்னும் எரியும் என்றுதான். அவர் அதைப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்த மாதிரி நின்றது. வாசலில் உட்கார்ந்து ஓசாகாவைப் பற்றிக் கேட்டார், நான் எல்லாவற்றையும் சொன்னேன், மேனேஜர் கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன். அப்புறம் என் பாஸ்போர்ட்டைப் பார்க்கலாமா என்றார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். போன முத்திரையைப் பார்த்தார், வந்த முத்திரையையும் பார்த்தார், அதன் மேல் விரலை ஓட்டினார்.

அப்புறம் பாஸ்போர்ட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் சொன்னார்: "போன ஊர்லிருந்து திரும்பி வரவும் ஒரு முத்திர குத்தறாங்க பாருங்க தம்பி. நான் ஏறுன கப்பலெல்லாம் போறதுக்கு மட்டுந்தானுங்க. உங்களப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருக்குதுங்க."

நாடே இல்லாத ஒரு மனுஷனைப் பார்த்து வருஷக்கணக்கில் வயிறெரிந்த துபாசி நான், அந்தப் பொறாமையை வாயைத் திறந்து சொல்வதிலும் அவர்தான் என்னை முந்திக்கொண்டார், அதுவும் 'ங்க' போட்டு.